மாணவர் குழுவின் பொதுச் சுகாதாரத் திட்டத்துக்கு முதல் நிதி: எங்கே தொடங்குவது, எப்படிக் கேட்பது

நாலைந்து மாணவர்கள் சேர்ந்து மக்கள் ஆரோக்கியத்துக்கு ஏதாவது செய்யலாம் என்று உட்கார்ந்தால், முதல் கூட்டத்திலேயே இரண்டு பேச்சு வந்துவிடும். ஒருவர் "ஒரு ஆப் பண்ணலாம்" என்பார். இன்னொருவர் "அதுக்கு ஃபண்டிங் யார் தருவாங்க?" என்பார். இரண்டுமே கொஞ்சம் சீக்கிரம்.

இதற்கு முன் எந்த நிதிக்கும் விண்ணப்பித்திராத மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். பொறியியல், செவிலியம், மருத்துவம், சமூகப்பணி என எந்தத் துறையாக இருந்தாலும் சரி. மாணவர்களுக்குக் கிடைக்கும் முதல் நிதி அநேகமாகச் சின்னத் தொகையாகத்தான் இருக்கும். அதை வைத்து ஒரு பகுதியில் வயிற்றுப்போக்கையோ டெங்குவையோ ஒழித்துவிட முடியாது. ஆனால் ஒரு கேள்விக்கு நம்பத்தகுந்த பதிலைக் கண்டுபிடிக்கலாம். "இந்தத் தொகையில், இத்தனை மாதத்தில், இந்த ஒரு விஷயம் நடக்குமா நடக்காதா என்று பார்த்துச் சொல்கிறோம்" என்று கேட்கும் குழுவைத்தான் நிதி தருபவர்கள் நம்புகிறார்கள். அடுத்து பெரிய தொகை கேட்கப் போகும்போது காட்டுவதற்குக் கையில் ஏதாவது இருக்கும். கீழே வரும் படிகள் எல்லாமே இந்த யோசனையிலிருந்து வருபவைதான்.

பிரச்சினையை அதோடு தினமும் மல்லுக்கட்டுபவரிடம் கேளுங்கள்

விண்ணப்பப் படிவத்தைத் திறப்பதற்கு முன்னால், அந்தப் பகுதியில் ஏற்கெனவே வேலை செய்பவர்களைப் போய்ப் பாருங்கள். சுகாதாரப் பணியாளர், செவிலியர், துப்புரவுத் தொழிலாளி, பள்ளி ஆசிரியர், குழந்தைகளைக் கவனித்துக்கொள்ளும் தாய்மார்கள். உங்கள் யோசனையைச் சொல்லி "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள். மரியாதைக்கு எல்லோரும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். வாராவாரம் எந்தத் தொல்லை திரும்பத் திரும்ப வருகிறது, அதற்கு முன்பு யார் என்ன செய்து பார்த்தார்கள், அது ஏன் நின்றுபோனது என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு வரும் பதில் தங்கம். உங்கள் திட்டமும் எதனால் நின்றுபோகும் என்பது பெரும்பாலும் அதிலேயே இருக்கும்.

1854-ல் லண்டனின் பிராட் தெருவில் காலரா பரவியபோது, நோய் அந்தத் தெருவின் பம்புக் கிணற்றுத் தண்ணீரில்தான் வருகிறது என்று ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் கணித்தார். அவர் வரைந்த வரைபடம் இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. ஹென்றி வைட்ஹெட் என்ற பாதிரியாரைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. அந்தப் பகுதியின் குடும்பங்கள் எல்லாம் அவருக்குப் பழக்கம். ஸ்னோ சொன்னதை முதலில் அவர் நம்பவில்லை. வீடு வீடாகப் போய் விசாரித்ததில், நோய்ப்பட்ட ஒரு கைக்குழந்தையின் துணி அலசிய நீர் அந்தப் பம்புக் கிணற்றுக்குப் பக்கத்துக் கழிவுக்குழியில் கொட்டப்பட்டதைக் கண்டுபிடித்தது அவர்தான். உங்கள் குழுவுக்கும் ஒரு வைட்ஹெட் வேண்டும். நிதி தருபவர்கள் அவரை 'சமூகக் கூட்டாளி' என்று படிவத்தில் கேட்பார்கள்.

அவர் இல்லாவிட்டால் என்ன ஆகும்? 'நியோநர்ச்சர்' என்று, பச்சிளம் குழந்தைகளைக் கதகதப்பாக வைத்திருக்கும் ஒரு இன்குபேட்டர் உருவானது. கார் உதிரி பாகங்களை வைத்துச் செய்தது. கார் பழுதுபார்க்கத் தெரிந்தவர் எங்கும் இருப்பார், ஆகவே இதையும் சரிசெய்துவிடலாம் என்ற அருமையான யோசனை. பத்திரிகைகள் கொண்டாடின. 'டைம்' இதழ் 2010-ன் சிறந்த கண்டுபிடிப்புகளில் அதைச் சேர்த்தது. ஆனால் தயாரிப்பு நிலைக்கே அது போகவில்லை. யார் தயாரிப்பார், எந்த மருத்துவமனை எந்த வழியாக வாங்கும் என்பதற்கு விடை கிடைக்கவில்லை. வடிவமைத்தவர்களே இதை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள்.

பேசி முடித்த பிறகு பிரச்சினையைச் சுருக்குங்கள். 'தண்ணீரால் பரவும் நோய்கள்' என்பது தலைப்பு. அதை வைத்துத் திட்டம் போட முடியாது. 'குழாயில் பிடிக்கும்போது சரியாக இருக்கும் குளோரின் (கிருமிகளைக் கொல்லச் சேர்ப்பது), வீட்டுப் பாத்திரத்தில் சேமித்த பிறகு சாயங்காலத்துக்குள் காணாமல் போகிறது' என்று சொன்னால் அதில் வேலை செய்யலாம்.

புதிதாகக் கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்றில்லை

'புதுமை' என்று அறிவிப்பில் போட்டிருப்பதைப் பார்த்ததும் சர்க்யூட் போர்டு வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். பொதுச் சுகாதாரத்தில் பல தீர்வுகள் ஏற்கெனவே தெரிந்தவை. சோப்பு போட்டுக் கைகழுவும் பழக்கத்தை வளர்க்கும் திட்டங்கள் வயிற்றுப்போக்கைச் சுமார் 30% குறைக்கின்றன என்று, பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் கோக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. இங்கே தெரியாமல் இருப்பது, கழிவறைக்கும் சமையலறைக்கும் நடுவே சோப்பு எப்போதும் இருக்கும்படி செய்வது எப்படி என்பதுதான். அதற்கு வழி கண்டால் அதுவும் புதுமையே.

கோவிட் காலத்தில் 2020-ல் வந்த கார்சி-ரோசன்தால் பெட்டியைப் பாருங்கள். சந்தையில் கிடைக்கும் வடிகட்டிகளை ஒரு சாதாரண மின்விசிறியோடு டேப் போட்டு ஒட்டினால் காற்றுச் சுத்திகரிப்பான் தயார். காப்புரிமை இல்லை, ரகசியம் இல்லை. பல இடங்களில் மாணவர்களே வகுப்பறைகளுக்குச் செய்து கொடுத்தார்கள். முதல் திட்டத்துக்கு இந்த மாதிரிதான் சரி என்பது என் அபிப்பிராயம்.

மனித உடலைத் தொடுகிற, உடலுக்குள் போகிற, நோயைக் கண்டறிகிற எதையும் முதல் திட்டமாக எடுக்க வேண்டாம். மாணவர்களால் முடியாது என்பதற்காகச் சொல்லவில்லை. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழக மாணவர்கள், மூச்சுத் திணறும் பச்சிளம் குழந்தைகளுக்கு உதவும் விலை குறைந்த சிபாப் கருவியை (நுரையீரலுக்குத் தொடர்ந்து காற்றழுத்தம் தருவது) உருவாக்கினார்கள். முதல் முன்மாதிரிக்குள் இருந்தது மீன்தொட்டிப் பம்பு. மலாவியின் பிளான்டைர் நகரில் உள்ள குயின் எலிசபெத் மருத்துவமனையில் சோதித்தபோது, பிழைத்த குழந்தைகளின் விகிதம் 44 சதவீதத்திலிருந்து 71 சதவீதமானது என்று 2014-ல் ஆய்வு வெளியானது. அசாத்தியமான வேலை. ஆனால் பின்னால் ஒரு பல்கலைக்கழகம், ஒரு மருத்துவமனை, பல வருட உழைப்பு, கட்டம் கட்டமாக வந்த நிதி எல்லாம் இருந்தன. மீன்தொட்டிப் பம்பு வாங்கிய காசு அதில் முதல் கட்டம் மட்டும்.

எதை அளப்பீர்கள்?

மாணவர் விண்ணப்பங்கள் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான். '500 பேருக்கு விழிப்புணர்வு ஏற்படுத்துவோம்' என்று எழுதுவார்கள். 500 பேர் வந்து உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போனார்கள் என்பது நீங்கள் செய்த வேலையின் அளவு. அதனால் என்ன மாறியது என்பதை அது சொல்லாது. ஆனால் மறுகோடிக்கும் போகாதீர்கள். சில மாதங்களில், சில நூறு வீடுகளில், 'நோய் குறைந்தது' என்று நிரூபிப்பது மிகவும் கடினம். நோயின் எண்ணிக்கை பருவத்துக்குப் பருவம் தானாகவே ஏறி இறங்கும். நடுவில் இருப்பதை அளக்க வேண்டும்: நோயைத் தடுக்கும் என்று ஏற்கெனவே தெரிந்த ஒரு நிலை அல்லது பழக்கம்.

குடிநீர்த் திட்டம் என்றால் வீட்டுப் பாத்திரத்தில் எஞ்சியிருக்கும் குளோரின். உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலில், மக்கள் தண்ணீரைப் பெறும் இடத்தில் குறைந்தது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். நிறம் மாறும் சோதனைப் பொருளை வைத்து மாணவர்களே அளந்துவிடலாம். கொசு என்றால் புழு இருக்கும் பாத்திரங்களை எண்ணலாம். 100 வீடுகளைப் பார்த்தால் அவற்றில் எத்தனை பாத்திரங்களில் புழு இருக்கிறது என்பதை பிரிட்டோ குறியீடு என்பார்கள். சுகாதாரத் துறையினருக்குப் பழகிய கணக்கு. காற்றோட்டம் என்றால் கார்பன் டை ஆக்சைடு மீட்டர் போதும். வெளிக்காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 420 பங்கு இருக்கும். ஜன்னல் மூடிய வகுப்பறையில் அது எங்கே போய் நிற்கிறது என்று பார்த்தால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

கைகழுவுதல் கொஞ்சம் தந்திரமானது. கேட்டால் எல்லோரும் "ஆமா, கழுவுறோம்" என்பார்கள். கேள்வித்தாளை நம்பினால் திட்டம் தொடங்கும் முன்பே வெற்றி பெற்றுவிடும். கொடுத்த சோப்பை இரண்டு வாரம் கழித்து எடை போட்டுப் பார்ப்பது ஒரு வழி. அதிலும் ஓட்டை உண்டு, சோப்பு குளியலுக்கும் போயிருக்கலாம். இருந்தாலும் வாய்ப் பதிலைவிட மேல். இப்படி உங்கள் அளவீட்டில் உள்ள ஓட்டையை நீங்களே விண்ணப்பத்தில் ஒரு வரி எழுதிவிட்டால், படிப்பவருக்கு உங்கள் மேல் நம்பிக்கை கூடும்.

தொடங்கும் முன் ஒரு முறை, முடிந்தபின் ஒரு முறை, எல்லோரும் போன பிறகு இரண்டு மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை அளக்கத் திட்டமிடுங்கள். திட்டம் இல்லாத பக்கத்துத் தெரு ஒன்றையும் கூடவே அளந்தால், பருவத்தால் வந்த மாற்றத்தையும் உங்களால் வந்த மாற்றத்தையும் பிரித்துச் சொல்லலாம்.

இன்னொரு விஷயம், கூட்டிக் கழித்துப் பாருங்கள். குழந்தைகள் சுற்றி விளையாடினால் தண்ணீர் இறைக்கும் 'பிளேபம்ப்' ராட்டினத்துக்கு 2006-ல் 1.64 கோடி டாலர் உதவி அறிவிக்கப்பட்டது. சொன்ன எண்ணிக்கை மக்களுக்குச் சொன்ன அளவு தண்ணீர் இறைக்க வேண்டும் என்றால் குழந்தைகள் ஒரு நாளைக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டியிருக்கும் என்று பிற்பாடு ஒரு பத்திரிகையில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அந்தக் கணக்குக்கு ஒரு காகிதமும் பத்து நிமிடமும் போதும்.

பணம் இருக்கும் இடங்கள்

பக்கத்திலிருந்து தொடங்கி வெளியே போங்கள். உங்கள் நிறுவனத்துக்குள்ளேயே மாணவர் ஆராய்ச்சி நிதி, புதுமை மையம், முன்னாள் மாணவர் சங்கம், துறையில் வருடக் கடைசியில் மிஞ்சும் தொகை என்று ஏதாவது இருக்கும். போட்டி குறைவு, பதில் சீக்கிரம் வரும். எந்த அலுவலகத்தில் யாரைக் கேட்பது என்பது சீனியர்களுக்குத் தெரியும்.

அதற்கும் முன்னால், பணம் இல்லாமலே கிடைப்பதைப் பட்டியல் போடுங்கள். ஆய்வகத்தில் பரிசோதனை, நூலகத்தில் ஒரு அறை, சுகாதார நிலையத்தில் கடனாக ஒரு கருவி. இதையெல்லாம் 'எங்கள் பங்களிப்பு' என்று பட்ஜெட்டில் காட்டலாம்.

அப்புறம் போட்டிகள். மாணவர்களுக்கான உலகப் போட்டியான ஹல்ட் பிரைஸ் போன்றவற்றில் முதல் பரிசு 10 லட்சம் டாலர் என்று பார்த்ததும் கண் விரியும். ஆனால் அவை தொழிலாக வளரக்கூடிய யோசனைகளைத் தேடுபவை. ஒரு பகுதியின் குடிநீர்ப் பாத்திரம் அங்கே எடுபடாது. மேடைப் பேச்சுக்குத் தயாராவதில் ஒரு பருவமே போய்விடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். அறக்கட்டளைகளும் அரசு அறிவிப்புகளும் அடுத்த வட்டம். இவற்றில் தகுதி நிபந்தனையை முதலில் படியுங்கள். பதிவு பெற்ற அமைப்பு வேண்டும், மாணவர் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது என்று நிறைய இடங்களில் இருக்கும். அப்போது கல்லூரியோ கூட்டாளித் தொண்டு நிறுவனமோ உங்கள் சார்பில் விண்ணப்பித்துப் பணத்தை வாங்கிக் கணக்கு வைக்க வேண்டும். அதற்கு அவர்கள் ஒரு சதவீதம் பிடித்துக்கொள்வதும் வழக்கம். எவ்வளவு என்று முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

கிரவுட்ஃபண்டிங், அதாவது இணையத்தில் பலரிடம் சிறு சிறு தொகையாகத் திரட்டுவது, செய்யலாம். பெரும்பாலும் பணம் தருபவர்கள் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவர்களாகத்தான் இருப்பார்கள். நோயாளிகளின், குழந்தைகளின் படத்தைப் போட்டுக் காசு கேட்காதீர்கள். அவர்கள் சம்மதித்தாலும் வேண்டாம் என்பேன்.

நிறுவனங்களின் பணத்தில் ஒரு எச்சரிக்கை. புகையிலை, மது, சர்க்கரைப் பானக் கம்பெனிகள் சுகாதாரத் திட்டங்களுக்குப் பணம் தர ஆர்வமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. தாய்ப்பாலுக்கு மாற்றான பால்பவுடரை விளம்பரப்படுத்திச் சந்தைப்படுத்துவதைக் கட்டுப்படுத்த 1981-லேயே சர்வதேச நெறிமுறை வந்துவிட்டது. தாய்-சேய் நலத் திட்டத்துக்கு அந்தக் கம்பெனிகளிடம் பணம் வாங்கினால், எந்தச் சுகாதாரப் பணியாளரும் உங்களைப் பக்கத்தில் சேர்க்க மாட்டார்.

பட்ஜெட்

விண்ணப்பத்தைப் படிப்பவர்களில் பலர் முதலில் திறப்பது பட்ஜெட் பக்கத்தைத்தான். திட்டத்தை நீங்கள் உண்மையிலேயே யோசித்தீர்களா என்பது அங்கே தெரிந்துவிடும். ஒவ்வொரு வரியும் ஒரு வேலையோடு சேர வேண்டும். 'இதர செலவுகள்' என்று பெரிய தொகை இருந்தால் சந்தேகம் வரும். 'எதிர்பாராத செலவு, 10%' என்று சின்னதாக ஒரு வரி இருந்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

மாணவர்கள் வழக்கமாக மறந்துபோவது: களத்துக்குப் போய்வரும் செலவு (ஒரு முறை அல்ல, மூன்று அளவீட்டுக்கும்), உடைந்தால் மாற்ற உதிரி பாகம், ஆய்வகக் கட்டணம், மொழிபெயர்ப்பு, உள்ளூர் மக்கள் ஒதுக்கும் நேரத்துக்கான ஊதியம். கடைசியாகச் சொன்னது முக்கியம். சுகாதாரப் பணியாளர் ஏற்கெனவே வேலைப் பளுவில் இருப்பவர். உங்கள் ஆய்வுக்காக வீடு வீடாக வர அவருக்கு ஊதியம் தராமல், உங்கள் லேப்டாப்புக்குப் பணம் கேட்டால் பார்க்க நன்றாக இருக்காது. லேப்டாப், விலை உயர்ந்த கேமரா, டி-ஷர்ட், தொடக்க விழா இவற்றை எல்லாம் எடுத்துவிடுங்கள்.

பணம் எப்படி வரும் என்பதையும் விசாரியுங்கள். பல நிதிகள் நீங்கள் செலவழித்து ரசீது கொடுத்த பிறகுதான் திருப்பித் தரும். வசதி உள்ள ஒரு மாணவர் கையிலிருந்து போட்டுக்கொண்டே இருப்பார், மற்றவர்கள் சங்கடப்படுவார்கள், குழுவில் சண்டை வரும். முன்பணம் கிடைக்குமா என்று கேளுங்கள். நிறைய இடங்களில் கேட்டவர்களுக்கு மட்டும் தருகிறார்கள்.

நெறிமுறை ஒப்புதல்

மனிதர்களிடமிருந்து தகவல் சேகரிக்கிறீர்கள் என்றால் ஆய்வால் யாருக்கும் தீங்கு வராதா என்று பார்க்கும் உங்கள் நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவிடம் ஒப்புதல் கேட்க வேண்டும். 'வெறும் சர்வேதானே' என்று விட்டுவிடாதீர்கள். ஒப்புதல் கிடைக்க வாரங்களும் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். எட்டு மாதத் திட்டத்தில் நாலு மாதம் இதற்கே போனால் அளவீடு தேர்வு நேரத்தில் வந்து விழும். ஆகவே நிதிக்கு விண்ணப்பிக்கும் அதே வாரத்தில் இதற்கும் விண்ணப்பியுங்கள். சிறுவர்கள் இருந்தால் பெற்றோர் சம்மதம் வேண்டும். பெயர், வீட்டு முகவரி தேவையில்லை என்றால் சேகரிக்கவே வேண்டாம்.

எழுதுவது

கேட்ஸ் அறக்கட்டளை 2008-ல் தொடங்கிய கிராண்ட் சேலஞ்சஸ் எக்ஸ்ப்ளோரேஷன்ஸ் திட்டம், முதல் கட்டமாக 1,00,000 டாலர் தர இரண்டே பக்க விண்ணப்பம்தான் கேட்டது. பெரிய தொகைக்கே அவ்வளவுதான் என்றால், உங்களுடையதும் இரண்டு பக்கத்தில் அடங்கும்.

உலகில் எத்தனை கோடிப் பேர் பாதிக்கப்படுகிறார்கள் என்று தொடங்கும் பத்தியை வெட்டுங்கள். நிதி தருபவருக்கு அது தெரியும். 'நாங்கள் பேசிய செவிலியர்கள் எல்லோரும் சொன்ன ஒரு விஷயம்' என்று தொடங்கினால் உங்களிடம் மட்டும் இருக்கும் தகவல் முதல் வரியிலேயே வந்துவிடும். அடுத்து உங்கள் கேள்வி, செய்யப்போகும் வேலை, அளவீடு, கால அட்டவணை. 'மக்களிடையே நல்ல மாற்றம் ஏற்படும்' என்பது போன்ற வாக்கியங்களுக்குப் பதிலாக, 'மூன்றாவது மாத முடிவில் பாதி வீடுகளிலாவது குளோரின் 0.2-க்கு மேல் இல்லை என்றால் இந்த முறையைக் கைவிட்டு அறிக்கை தருவோம்' என்று எழுதலாம். தோற்றால் என்ன செய்வோம் என்று எழுதும் மாணவர் குழு அபூர்வம்.

படிப்பவர் மனதில் ஓடும், ஆனால் படிவத்தில் பல சமயம் இருக்காத கேள்வி ஒன்று உண்டு: நீங்கள் படிப்பை முடித்துப் போன பிறகு இதை யார் பார்ப்பார்கள்? குழுவில் முதலாண்டு, இரண்டாமாண்டு மாணவர்கள் இருக்கட்டும். பேராசிரியர் ஒருவர் பெயர் இருக்கட்டும். கூட்டாளி அமைப்பிடமிருந்து ஆதரவுக் கடிதம் வாங்கும்போது, 'இந்த முயற்சியை வாழ்த்துகிறோம்' என்று இருந்தால் அதனால் பயனில்லை. 'எங்கள் பணியாளர் ஒருவர் வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்குவார், பயன் தெரிந்தால் அடுத்த வருடமும் தொடர்வோம்' என்று இருந்தால் அதுவே பாதி விண்ணப்பம்.

அனுப்பும் முன், உங்கள் துறையைச் சேராத ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். படித்து முடித்ததும் தாளை வாங்கிக்கொண்டு, என்ன செய்யப்போகிறோம் என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். அவர் திணறும் இடத்தைத் திருத்துங்கள்.

பதில் வந்த பிறகு

இல்லை என்றுதான் பெரும்பாலும் வரும். நன்றி சொல்லி, மதிப்பீட்டாளர் குறிப்புகள் கிடைக்குமா என்று கேட்டு எழுதுங்கள். சில இடங்களில் தருவார்கள். அதை வைத்துத் திருத்தி அடுத்த இடத்துக்கு அனுப்புங்கள். அதே விண்ணப்பத்தைப் பெயர் மட்டும் மாற்றி அனுப்பினால் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கிடைத்தால், பணம் வந்த வாரத்திலேயே மூன்று வேலை. யார் செலவழிக்கலாம், யார் கையெழுத்து, ரசீது எங்கே சேரும் என்று எழுதி வையுங்கள். கருவியோ மென்பொருளோ உருவானால் அதன் உரிமை யாருக்கு என்று கல்லூரியிடம் கேட்டுவிடுங்கள். முதல் அளவீட்டைத் தொடங்குங்கள். திட்டம் ஆரம்பித்த பிறகு 'முன்பு எப்படி இருந்தது' என்பதை அளக்க வழியே கிடையாது.

இறுதி அறிக்கையை இரண்டாக எழுதுங்கள். நிதி தந்தவருக்கு ஒன்று. சுகாதாரப் பணியாளருக்கும் அந்த வீடுகளுக்கும் அவர்கள் மொழியில் ஒரு பக்கம்: என்ன பார்த்தோம், எது வேலை செய்தது, எது செய்யவில்லை. கூடவே உதிரி பாகம் எங்கே கிடைக்கும், பழுதானால் யாரைக் கூப்பிட வேண்டும், மின்னஞ்சல் கணக்கின் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்ற தகவல்களை எல்லாம் அடுத்த வருட மாணவர்களிடம் எழுத்தில் ஒப்படைத்துவிட்டுத் தேர்வுக்குப் போங்கள்.